பிணம் பேசும் ஊரில் துப்பறிதல்: கேம் மாஸ்டருக்கான வழிகாட்டி

துப்பறியும் கதை எழுதுபவர்களுக்காக ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அமானுஷ்ய சக்திக்குக் கதையில் இடமே கிடையாது என்பது அவற்றில் இரண்டாவது. அது நியாயமான கட்டளை. நினைத்த நேரத்தில் பேயையோ வரத்தையோ இறக்கிவிட்டால் வாசகரால் எதையும் ஊகிக்க முடியாது. ஃபேன்டஸி ஆர்பிஜியில், அதாவது மந்திர உலகின் கதாபாத்திரங்களாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில், அந்தக் கட்டளை முதல் நாளே உடைந்துவிடுகிறது. செத்தவரிடமே போய் "உங்களைக் கொன்றது யார்?" என்று கேட்க ஒரு மந்திரம் இருக்கிறது. இதற்குப் பயந்து, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்கள் பலர் கொலை வழக்கையே தொடுவதில்லை. தொடுபவர்களும் "இந்த ஊரில் மந்திரம் பலிக்காது" என்று ஏதாவது சாக்கு வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. நாக்ஸ் காக்க நினைத்த நியாயத்தை இங்கே வேறு வழியில் காக்கலாம். ஒவ்வொரு மந்திரமும் எதைச் சொல்லும், எங்கே நின்றுவிடும் என்பது மேசையைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொலையாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு அந்த எல்லையைக் கேம் மாஸ்டர் நகர்த்தவே கூடாது.

கீழே வரும் அளவுகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் உள்ளவை. வேறு விதிமுறையில் ஆடுபவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம், முறை அப்படியே பொருந்தும்.

முதலில் மந்திரப் பட்டியல், பிறகு கொலை

வழக்கை எழுத உட்காரும் முன் ஆட்டக்காரர்களின் கேரக்டர் ஷீட்டுகளை (கதாபாத்திரத்தின் திறமைகளும் மந்திரங்களும் எழுதிய தாள்கள்) வாங்கிப் பாருங்கள். தகவல் தரும் மந்திரங்கள் எவையெவை அவர்கள் கையில் இருக்கின்றன என்று தனித்தாளில் எழுதுங்கள். கதாபாத்திரத்தின் லெவலுக்கு ஏற்ப இது மாறும். (கீழே "நிலை" என்று வருவது மந்திரத்தின் தரம், லெவல் அல்ல: 3ஆம் நிலை மந்திரம் 5ஆம் லெவலில்தான் கிடைக்கும்.) 1ஆம் லெவலிலேயே, அருகில் மந்திரம் இருப்பதை உணர்த்தும் டிடெக்ட் மேஜிக் வந்துவிடும். 3ஆம் லெவலில் ஸோன் ஆஃப் ட்ரூத், டிடெக்ட் தாட்ஸ், லொகேட் ஆப்ஜெக்ட். 5ஆம் லெவலில் பிணத்தைப் பேசவைக்கும் ஸ்பீக் வித் டெட். 7இல் டிவினேஷன். 9ஆம் லெவலில் தொலைவில் இருப்பவரைப் பார்க்கும் ஸ்கிரையிங், தெய்வத்திடம் கேள்வி கேட்கும் கம்யூன், செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். 4ஆம் லெவல் குழுவுக்காக எழுதிய வழக்கை அப்படியே 9ஆம் லெவல் குழுவுக்கு வைத்தால் அரைமணி நேரத்தில் முடிந்துபோகும்.

பிறகு கொலையின் நேரவரிசையை எழுதுங்கள்: யார், எப்போது, எந்த வழியாக வந்தார், என்ன செய்தார், எப்படிப் போனார். அதன் பக்கத்தில் மந்திரத்துக்கு ஒரு வரி ஒதுக்கி, அதைப் போட்டால் வரும் பதிலை அதே சொற்களில் எழுதிவையுங்கள். இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மேசையில் உட்கார்ந்து பிணத்துக்குப் பதில் கற்பித்தால், முதல் வாரம் சொன்னதும் மூன்றாம் வாரம் சொன்னதும் இடிக்கும். முரண்பாட்டைப் பார்த்ததும் ஆட்டக்காரர்கள் அதைத் துப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அது உங்கள் தவறு என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

செத்தவரின் சாட்சி

ஸ்பீக் வித் டெட் 3ஆம் நிலை மந்திரம். பத்து நிமிடம் நீடிக்கும், ஐந்து கேள்விகள் கேட்கலாம். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும், அது அன்டெட் (நடமாடும் பிணம்) ஆகியிருக்கக் கூடாது, கடந்த பத்து நாளில் இதே மந்திரம் அதன்மேல் போடப்பட்டிருக்கக் கூடாது. ஆன்மா திரும்பி வருவதில்லை. உயிரோடு இருந்தபோது தெரிந்ததை மட்டும் உடல் சொல்லும். பதில் சுருக்கமாகவும் பூடகமாகவும் இருக்கும். கேட்பவரை எதிரி என்று அடையாளம் கண்டால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேம் மாஸ்டர்கள் உடனே தேடிப்போகும் வழி, கொலையாளி தலையையோ தாடையையோ கொண்டுபோய்விட்டான் என்பது. ஒரு முறை செய்யலாம். வழக்குக்கு வழக்கு செய்தால், ஆட்டக்காரர் ஆசையோடு தேர்ந்தெடுத்த மந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டதற்குச் சமம். அந்த ஒரு முறையும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கட்டும்: தாடையை உடைத்தவனுக்கு இந்த மந்திரம் தெரியும், செத்தவர் தன்னை அடையாளம் சொல்வார் என்ற பயமும் இருந்தது. ஆகவே வழிப்பறிக்காரன் பட்டியலிலிருந்து விழுகிறான், தெரிந்தவர் யாரோ ஒருவர் மேலே வருகிறார்.

இதைவிட வளமான வழி, பிணத்தைத் தாராளமாகப் பேசவிடுவது. பின்னாலிருந்து குத்துப்பட்டவர் கத்தியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். விஷத்தில் செத்தவருக்கு விஷம் வைக்கப்பட்டதே தெரியாமல் இருக்கலாம். "நெஞ்சு வலி" என்றுதான் சொல்வார். மாறுவேடத்தில் வந்தவனால் கொல்லப்பட்டவர் தப்பான பெயரை மனசாரச் சொல்வார். பிணம் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் உங்கள் தாளில் "செத்தவர் பார்த்தது, கேட்டது, தொட்டது, நம்பியது" என்று நான்கு வரிகள் தனித்தனியாக இருக்கட்டும். "யார் கொன்றது?" என்ற கேள்விக்கு நம்பியது வரும். "எதைத் தொட்டீர்கள்?" என்று கேட்கத் தெரிந்த ஆட்டக்காரருக்குத்தான் மற்றவை கிடைக்கும்.

உண்மை வட்டம்

ஸோன் ஆஃப் ட்ரூத் 15 அடி ஆரம், பத்து நிமிடம். உள்ளே இருப்பவர் கரிஸ்மா சேவிங் த்ரோவில் (மந்திரத்தை எதிர்க்க உருட்டும் டைஸ்) தோற்றால் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. யார் தோற்றார், யார் தப்பித்தார் என்பது மந்திரம் போட்டவருக்குத் தெரியும். ஒரே ஒருமுறை டைஸ் உருட்டிவிட்டு விடுவது பரவலான தவறு. விதிப்படி ஒவ்வொரு ரவுண்டிலும் (ஆறு விநாடி) தன் டர்ன் தொடங்கும்போது வட்டத்துக்குள் இருப்பவர் மறுபடி உருட்ட வேண்டும். பத்து நிமிடம் என்றால் நூறு ரவுண்டு. 70 சதவீதம் தப்பிக்கும் வாய்ப்புள்ள ஆசாமிகூட ஒரு நிமிடத்தில், அதாவது பத்து உருட்டலில், ஒருமுறைகூடத் தோற்காமல் இருக்க 100க்கு 3 வாய்ப்புக்கூட இல்லை. ஆகவே "வில்லன் சேவ் பண்ணிவிட்டான்" என்பதை நம்பி வழக்கைக் கட்டாதீர்கள்.

இந்த மந்திரத்தின் உண்மையான ஓட்டை பேச்சில் இருக்கிறது. வட்டத்துக்குள் இருப்பவர் மௌனமாக இருக்கலாம், சுற்றி வளைக்கலாம், உண்மையான வாக்கியங்களாலேயே தப்பான எண்ணத்தை உண்டாக்கலாம். இதை மேசையில் யோசித்துக்கொண்டிருந்தால் உங்கள் தயக்கமே காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு வாக்கியங்களை முன்கூட்டியே எழுதுங்கள். "அவர் செத்த செய்தி காலையில் வந்தபோது என் கை நடுங்கியது." "அவருடைய சாவால் எனக்கு ஒரு காசு சொத்து வரப்போவதில்லை." இவற்றில் ஒன்றும் பொய் இல்லை. நிரபராதிகளுக்கும் எழுதுங்கள். கள்ள உறவு, கடன், திருட்டுச் சரக்கு என்று ஒளிக்க வேண்டியது அவர்களிடமும் இருக்கும். எல்லோரும் சுற்றி வளைத்தால்தான் சுற்றி வளைப்பது மட்டும் குற்றத்தின் அடையாளமாகாது.

இன்னொன்றும் உண்டு. தோற்றவர் யார் என்பது மந்திரம் போட்டவருக்கு மட்டுமே தெரியும். நீதிமன்றம் நம்புவது அந்த ஒரு மனிதரின் வாயை. அவரை விலைக்கு வாங்கிவிட்டால் போதும். நல்ல நிர்வாகம் உள்ள நகரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கோயில்களிலிருந்து ஆளுக்கு ஒருவரை வரவழைத்து, தனித்தனியாக மந்திரம் போடவைத்து, கேள்விகளை இரண்டு முறையும் அதே வரிசையில் கேட்கும்.

மனசைப் படிப்பது, பொருளைத் தேடுவது

டிடெக்ட் தாட்ஸ் மேலோட்டமான எண்ணத்தைக் காட்டும். கொலை நடந்த வீட்டில் எல்லோர் எண்ணத்திலும் கொலைதான் ஓடும். "ஐயோ, என்னைப் பிடித்துவிடுவார்களோ" என்பது குற்றவாளியின் எண்ணமாகவும் இருக்கலாம், பயந்தாங்கொள்ளியின் எண்ணமாகவும் இருக்கலாம். ஆழமாகத் துழாவினால் எதிராளி விஸ்டம் சேவ் உருட்டலாம். துழாவப்படுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். பிரபுவின் மனசில் கைவைத்த குழு அடுத்த நாள் சிறையில் இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

லொகேட் ஆப்ஜெக்ட் 1,000 அடிக்குள் தேடும். குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேட வேண்டுமானால் அதை முன்பே 30 அடிக்குள் பார்த்திருக்க வேண்டும். கொலைக்கத்தியை யாரும் பார்த்ததில்லை. "ஏதாவது ஒரு கத்தி" என்று தேடினால் மிக அருகில் இருக்கும் சமையல்கத்தியில் போய் நிற்கும். மெல்லிய ஈயத்தகடு நடுவில் இருந்தாலே மந்திரம் செத்துவிடும். ஈயம் டிடெக்ட் மேஜிக்கையும் தடுக்கும். இந்த உலகத்தில் ஈயப்பெட்டி வைத்திருப்பவர் எதையோ ஒளிக்கிறார் என்று அர்த்தம். ஈயம் விற்ற கொல்லரும் ஒரு சாட்சிதான்.

டிவினேஷன் வரும் ஏழு நாட்களுக்குள் நடக்கப்போவதைப் பற்றியது. "யார் கொன்றது?" என்று அதனிடம் கேட்டால் பதில் தர வேண்டியதில்லை. மந்திரத்தைப் போடுவதற்கு முன்பே இதை ஆட்டக்காரருக்கு எடுத்துச் சொல்லிவிடுங்கள், 4ஆம் நிலை ஸ்லாட் (அந்த நிலை மந்திரத்தை ஒருமுறை போடும் வாய்ப்பு) வீணாகக் கூடாது. கம்யூன் கிடைத்துவிட்ட குழுவுக்கு "ஆம், இல்லை" பதில்கள் மூன்று உண்டு. அப்படிப்பட்ட குழுவுக்கு "யார்" என்பதைப் புதிராக வைக்காமல், தெரிந்த குற்றவாளியை எப்படி நிரூபிப்பது, யார் ஏவியது என்பதைப் புதிராக வையுங்கள்.

விலங்குகளை மறந்துவிடுபவர்கள் பலர். ஸ்பீக் வித் அனிமல்ஸ் வெறும் 1ஆம் நிலை மந்திரம், ஸ்லாட் செலவழிக்காமல் ரிச்சுவலாகவும் போடலாம். மாயத்தோற்றம் கண்ணை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. அறையில் நாயோ பூனையோ எலியோ இருந்ததா என்பதைக் கொலையை எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பூட்டிய அறை

மந்திர உலகில் பூட்டிய கதவு ஆச்சரியம் தருவதில்லை. ஆனால் உள்ளே போன ஒவ்வொரு வழியும் ஒரு தடயம் விடும், அந்தத் தடயம் சந்தேகப் பட்டியலைச் சுருக்கும். நாக் மந்திரம் பூட்டைத் திறக்கும்போது எழும் தட்டல் சத்தம் 300 அடிவரை கேட்கும். காவலாளி எதுவும் கேட்கவில்லை என்றால் அது இல்லை, அல்லது அங்கே சத்தத்தை அடக்கும் சைலன்ஸ் போடப்பட்டிருந்தது. ஓரிடத்திலிருந்து மறைந்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் மிஸ்ட்டி ஸ்டெப் 30 அடிதான், அதுவும் போய்ச்சேரும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படியானால் திரைச்சீலை விலகியிருந்ததா, சாவித்துவாரம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். உடலைப் புகையாக்கும் கேஸியஸ் ஃபார்மில் வந்தவருக்குச் சின்ன இடுக்கு போதும். டைமென்ஷன் டோர் 500 அடி தாவும், பார்க்கவும் தேவையில்லை. ஆனால் அது 4ஆம் நிலை; முழு மந்திரவாதி 7ஆம் லெவல் எட்டியிருக்க வேண்டும். அந்த ஊரில் அப்படி எத்தனை பேர்? மூன்று பேர் என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தால், அந்த மூன்று பேரும் அன்று இரவு எங்கே இருந்தார்கள் என்பதே விசாரணை.

டிடெக்ட் மேஜிக் இப்போது இருக்கும் மந்திரத்தைத்தான் காட்டும். நேற்று போட்டு முடிந்துபோன மந்திரத்தின் வாசனை இந்தப் பதிப்பில் தங்குவதில்லை. 3.5 பதிப்பில் மந்திரத்தின் வலிமைக்கு ஏற்ப எச்சம் தங்கும்: பலவீனமானது சில ரவுண்டுகள், மிக வலிமையானது 1 முதல் 6 நாட்கள்வரை. துப்பறியும் ஆட்டத்துக்கு அந்தப் பழைய விதி மிகவும் பொருத்தம். சேர்த்துக்கொள்வதென்றால் முதல் செஷனிலேயே அறிவித்துவிடுங்கள்.

செத்தவர் திரும்பி வந்தால்

ரெய்ஸ் டெட் பத்து நாட்களுக்குள் செத்தவரை எழுப்பும். 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். தலை போன்ற உயிர்நிலை உறுப்புகள் உடலில் இருக்க வேண்டும், ஆன்மாவும் திரும்பச் சம்மதிக்க வேண்டும். பணக்காரரைக் கொன்றால் அவர் அடுத்த வாரம் சாட்சிக்கூண்டில் ஏறுவார் என்பதைக் கொலையாளி அறிவான். அதனால் கொலைக்கான காரணங்களே மாறிப்போகின்றன. மூன்று நாள் கழித்து நடக்கும் வாக்கெடுப்பில் ஒருவர் இருக்கக் கூடாது என்பதற்காக அவரைக் கொல்லலாம், எழுந்து வந்தாலும் பரவாயில்லை. ஊரில் இருக்கும் வைரங்களை ஒருவர் முன்கூட்டியே வாங்கிக் குவித்திருந்தால் அது கொலைத் திட்டத்தின் முதல் தடயம். எல்லாம் தயாராக இருந்தும் ஆன்மா வர மறுத்துவிட்டது என்றால், அங்கே ஒரு முழு வழக்கு இருக்கிறது. அவர் யாருக்குப் பயந்து அங்கேயே தங்கிவிட்டார்?

சட்டம் என்ன சொல்கிறது

இதை விட்டுவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். பிணத்தின் வாக்குமூலம் மட்டும் தூக்குக்குப் போதுமா? உண்மை வட்டத்துக்குள் வர மறுக்க உரிமை உண்டா, மறுத்தால் அதைக் குற்றமாகக் கொள்வார்களா? அனுமதி இல்லாமல் மனசைப் படிப்பதற்கு என்ன தண்டனை? "என் உடலை வேறொருவன் ஆட்டிவைத்தான்" என்று சொல்பவர் அதை எப்படி நிரூபிக்க வேண்டும்? இந்த நான்குக்கும் ஒரு வரிப் பதில் எழுதி, விசாரணை தொடங்கும் முன் ஆட்டக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நீதிபதியிடம் எதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால்தான் மந்திரம் தந்த விடைக்குப் பிறகும் கால்நடையாக அலைந்து தாளும் பொருளும் சேகரிப்பார்கள்.

ஒரு முழு வழக்கு

5ஆம் லெவல் குழுவுக்கானது. துறைமுகத்துச் சுங்க அதிகாரி இரவில் தன் அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்துக்கிடக்கிறார். கொன்றவர் அவருடைய கணக்கர். பொய்க்கணக்கு மறுநாள் தணிக்கையில் வெளிவர இருந்தது. கணக்கருக்கு மந்திரம் தெரியாது. அவரிடம் இருப்பது ஹாட் ஆஃப் டிஸ்கைஸ், டிஸ்கைஸ் செல்ஃப் மந்திரத்தைத் தரும் தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு அதிகாரியின் தம்பியைப் போலத் தோன்றி உள்ளே போனார். பிணத்தைப் பேசவைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், பேசட்டும் என்றே விட்டுவைத்தார்.

பிணம் சொல்கிறது: "தம்பி." தம்பி உண்மை வட்டத்துக்குள் நின்று சொல்கிறான்: "நான் கொல்லவில்லை." இரண்டு மந்திரங்களும் ஒழுங்காகவே வேலை செய்தன, இரண்டு பதில்களும் மோதுகின்றன. இந்த நகரத்தின் சட்டப்படி செத்தவரின் வாக்குக்கே மதிப்பு அதிகம். தம்பிக்கு மறுநாள் மாலை தூக்கு.

இப்போது அந்த மந்திரத்தின் எல்லைகளே துப்புகளாகின்றன. டிஸ்கைஸ் செல்ஃப் தோற்றத்தை மட்டும் மாற்றும், குரலை மாற்றாது. "தம்பி என்ன சொன்னான்?" என்று கேட்டால் "பேசவே இல்லை" என்று பதில் வரும். தொட்டால் மாயை நிற்காது. "எதைப் பிடித்தீர்கள்?" என்றால் "தொப்பி விளிம்பு" என்பார், தம்பி வெறுந்தலையோடு வந்ததைத்தான் வாசல் காவலர் பார்த்திருக்கிறார். தம்பிக்கு வலக்கையில் சுண்டுவிரல் கிடையாது. கழுத்திலோ வலக்கையின் ஐந்து விரல்களும் பதிந்திருக்கின்றன. மேசைக்கு அடியில் படுத்திருந்த கிழட்டு நாயிடம் கேட்டால் "மை நாற்றம் அடிக்கும் ஆள்" என்கிறது. கணக்கரின் வீட்டில் ஈயம் வேய்ந்த பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குத் தகடு விற்றவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

ஒரு முடிவுக்கு வர மூன்று துப்புகளாவது வேண்டும் என்பது ஆர்பிஜி எழுத்தாளர் ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிப் பரவலாக்கிய விதி. ஆட்டக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். மந்திர உலகில் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அந்த மூன்றில் ஒன்றாவது மந்திரமே இல்லாமல் கிடைக்க வேண்டும். இங்கே விரல்தடம் அப்படிப்பட்டது. கையை உற்றுப் பார்க்கும் எந்தக் கதாபாத்திரத்துக்கும் அது தெரியும். பூசாரி மட்டுமே துப்பறிந்து, வாள்வீரரும் திருடரும் சும்மா உட்கார்ந்திருக்கும் செஷன் தோற்றுப்போன செஷன்.

மேசையில்

முக்கியமான துப்பை டைஸிடம் ஒப்படைக்காதீர்கள். துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ விதிமுறையில் சரியான திறமையோடு சரியான இடத்தில் தேடினால் அடிப்படைத் துப்பு நிச்சயம் கிடைக்கும். அதை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். உருட்டல் எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, எவ்வளவு சத்தம் எழுந்தது என்பதைத் தீர்மானிக்கட்டும்.

நேரக்கெடு வையுங்கள். 5ஆம் லெவல் கிளெரிக்குக்கு (பூசாரிக்கு) ஒரு நாளில் 3ஆம் நிலை ஸ்லாட் இரண்டுதான். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் தினமும் தூங்கி எழுந்து எல்லோர் மேலும் எல்லா மந்திரத்தையும் போட்டுப் பார்ப்பார்கள். "நாளை மாலை தூக்கு" என்றால் எந்த ஸ்லாட்டை யாருக்குச் செலவழிப்பது என்பதே பெரிய விவாதமாகிவிடும்.

நினைவை அழிக்கும் மாடிஃபை மெமரி, கண்டுபிடிப்பைத் தடுக்கும் நான்டிடெக்ஷன் இரண்டையும் சிக்கனமாகக் கையாளுங்கள். குற்றவாளியின் நினைவையே மாற்றிவிட்டால் அவர் உண்மை வட்டத்தில் மனசாரப் பொய் சொல்வார், ஆட்டக்காரர்களுக்குப் பிடிமானம் எதுவும் இருக்காது. பயன்படுத்தினால் அந்த ஓட்டையின் ஓரங்கள் தெரியட்டும். மந்திரம் கடந்த 24 மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்குள் நடந்த ஒரு நிகழ்வை மட்டுமே மாற்றும். அந்தப் பத்து நிமிடத்துக்கு வெளியே வாங்கிய கயிறு, கொடுத்த முன்பணம், காத்திருந்த வண்டி எல்லாம் அவர் நினைவில் அப்படியே இருக்கும். அது 5ஆம் நிலை மந்திரம், ஆகவே போட்டவர் யார் என்ற பட்டியலும் மிகச் சின்னது.

ஆட்டக்காரர் ஒருவர் நீங்கள் நினைத்தே பார்க்காத மந்திரத்தை எடுத்து முதல் கால்மணி நேரத்தில் கொலையாளியைச் சுட்டிவிட்டால், பதிலை மாற்றாதீர்கள், புதிதாகத் தடை எதையும் முளைக்கவைக்காதீர்கள். பெயரைக் கொடுத்துவிடுங்கள். கணக்கர் தொப்பியைக் கடலில் எறியப் புறப்பட்டுவிட்டார். தம்பி தூக்குமேடையில் இருக்கிறான். நீதிபதி கையில் தாள் வேண்டும் என்கிறார். மீதி செஷன் அங்கிருந்து ஓடும்.